எழுதுகோல் உயர்த்தப்பட்ட பருவம்

மூன்று பேரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துத் தந்ததை நாம் அறிவோம். உறங்குகிறவர் விழிக்கும் வரை. சிறு பிள்ளை பருவமடையும் வரை. புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. அபூதாவூத், திர்மிதி முதலான கிரந்தங்களில் இது வருகிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் இதை நாம் ஒரு சட்டமாகப் படித்தோம். பிள்ளை மீது நோன்பு கடமையில்லை, ஹஜ்ஜு கடமையில்லை, அவன் செய்யும் நன்மைக்குக் கூலி உண்டு, பிழைக்குக் கேள்வி இல்லை என்று மனனம் செய்து ஒப்புவித்துவிட்டுக் கிதாபை மூடிவிட்டோம்.

வயதான பிறகு ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. அணுவளவு நன்மையையும் அணுவளவு தீமையையும் விட்டுவிடாமல் கணக்குக் கேட்பவன் அல்லாஹுத்தஆலா. அவனே ஒவ்வொரு மனிதனுக்கும் வாழ்நாளின் தொடக்கத்தில் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளைக் கேள்வியில்லாமல் விட்டு வைத்திருக்கிறான். அந்த ஆண்டுகள் யாருக்குச் சொந்தம்? பெற்றோருக்கா, பள்ளிக்கூடத்துக்கா, பிள்ளைக்கா?

இந்தக் கேள்வி நமக்குக் கிதாபிலிருந்து வரவில்லை. செஞ்சி வட்டத்து அனந்தபுரத்தில், நாம் ஓதிக் கொடுத்த ஒரு சிறுவனிடமிருந்து வந்தது.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் அந்தக் கல்வியாண்டிலிருந்தே பொதுத்தேர்வு உண்டு என்று தமிழக அரசு அறிவித்தது. அப்போது அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு. பத்து வயது. பஜ்ருக்குப் பிறகு நம்மிடம் ஓத வருவான். ஓதி முடித்துப் பள்ளிக்கூடம். அஸருக்கு வீடு திரும்பினால் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு டியூஷன். இஷாவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் விடுவார்கள். அவனிடம் ஒரு பம்பரம் இருந்தது. ஆணி தேய்ந்த சாதாரண மரப் பம்பரம். அதை அவன் தாயார் வாங்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். பரீட்சை முடியட்டும், எடுத்துத் தருகிறேன் என்பது பேச்சு.

அந்தத் தாயார் கெட்டவர் அல்லர். ஒரு நாள் மதரஸா வாசலில் நின்று நம்மிடமே கேட்டார்: “ஹஜ்ரத், பையன் ராத்திரி தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறான். விளையாட விடாமல் வைத்திருப்பது சரிதானா?” 

நாம் சொன்ன பதில்: “கொஞ்ச நாள்தானேம்மா, பொறுத்துக்கொள்ளட்டும்.”

ஓதத் தெரிந்தவன் சொன்னால் அது ஃபத்வா போலாகிவிடுகிறது. அந்த அம்மா நிம்மதியாகப் போனார். பம்பரம் அலமாரி மேலேயே இருந்தது.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2020 பிப்ரவரி 4ஆம் தேதி அந்தப் பொதுத்தேர்வை அரசு ரத்துச் செய்தது. எந்தப் பரீட்சைக்காகப் பம்பரம் மேலே ஏறியதோ அந்தப் பரீட்சையே நடக்கவில்லை. ஆனால் முழு ஆண்டுத் தேர்வு இருக்கிறதே என்றார்கள். மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக நாடே அடைக்கப்பட்டது. அவன் வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது அவன் ஏழாம் வகுப்பு. விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு டியூஷன். எட்டு, ஒன்பது. பிறகு பத்தாம் வகுப்பு, அதுதான் மெய்யான பொதுத்தேர்வு. 2025இல் அதை எழுதித் தேறினான், அல்ஹம்துலில்லாஹ். அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையும் கைவிட்டது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்து முடிப்பதற்குள் அவனுக்கு மீசை அரும்பிவிட்டது.

பருவமடைந்துவிட்டான். எழுதுகோல் இறங்கிவிட்டது. தொழாவிட்டால் இனி அவனைக் கேட்பார்கள். அது உயர்ந்திருந்த காலத்தில் அவன் என்ன செய்தான் என்று பார்த்தால், வேறொரு எழுதுகோலுக்கு, சிவப்பு மையில் எழுதும் எழுதுகோலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவன் கையில் திணித்தவர்களில் நாமும் ஒருவர்.

பெருமானார் (ஸல்) அவர்களுடைய வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதை இந்த நோக்கில் மறுபடி படித்துப் பார்த்தோம். பலமுறை பயானில் சொன்ன செய்திகள்தாம். ஆனால் சொல்லும்போது கவனிக்காததை இப்போது கவனித்தோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்துகிறார்கள். சுஜூது நீண்டுகொண்டே போகிறது. பின்னால் நின்றவர்களுக்குக் கலக்கம். ஏதேனும் நேர்ந்துவிட்டதோ, வஹீ இறங்குகிறதோ என்று எண்ணினார்கள். தொழுகை முடிந்து கேட்டபோது, அதெல்லாம் ஒன்றுமில்லை, பேரப் பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டான், அவனுடைய ஹாஜத்து முடியுமுன் அவசரப்படுத்த மனம் வரவில்லை என்று விளக்கினார்கள். நஸாயீயில் உள்ள செய்தி இது. முதுகில் ஏறி விளையாடும் விளையாட்டுக்கு ‘ஹாஜத்து’ என்று பெயர் கொடுக்கிறார்கள்! ஹாஜத்து என்றால் தேவை. நாம் இரவில் எழுந்து எதைக் கேட்டு அழுகிறோமோ அதற்கு என்ன சொல்லோ, அதே சொல். பிள்ளையின் விளையாட்டை நாம் பொழுதுபோக்கு என்கிறோம். அங்கே அது தேவை. தேவையைத் தள்ளிப்போட்டால் அது காத்திருப்பதில்லை. பசித்த வயிற்றுக்கு அடுத்த ஆண்டு சோறு என்று சொல்ல முடியுமா?

அனஸ் (ரலி) அவர்கள் செய்தி இன்னும் நுட்பமானது. சிறு வயதிலேயே நாயகத்தின் பணிவிடைக்கு வந்தவர். ஒரு நாள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று வாய் சொல்லிற்று, போகத்தான் வேண்டும் என்று மனம் சொல்லிற்று என்று அவரே பிற்காலத்தில் நினைவு கூர்கிறார். எந்தப் பிள்ளைதான் இப்படி இல்லை! புறப்பட்டுப் போனவர் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு நின்றுவிட்டார். சிறிது நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ். அவ்வளவுதான். பத்தாண்டுப் பணிவிடையில், ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு முறைகூடத் தம்மைக் கேட்டதில்லை என்பது அவருடைய சாட்சியம்.

அனுப்பியது அல்லாஹ்வின் தூதர். அவர்களுடைய வேலையை விடவா நம் வீட்டுப் பாடம் பெரிது? அந்த வேலையே சிறிது நேரம் காத்திருந்தது. வேலை விட்டுப்போகவும் இல்லை. பையன் போய்த்தான் செய்தார். ஏவுவதும் சிரிப்பதும் அங்கே ஒன்றாகவே இருந்தன. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை உம்மத்துக்கு அறிவித்தவர்.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள்: ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்ற ஏவல் இருக்கிறதே, பத்து வயதில் கண்டிக்கவும் சொல்லியிருக்கிறதே? இருக்கிறது, மறுப்பார் இல்லை. அது பழக்குவது. பழக்குவது வேறு, கணக்கெடுப்பது வேறு. தொழுகைக்கு ஏவப்பட்ட அந்தப் பிள்ளைக்கு ஸஃப்பில் முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று எவரும் கொடுக்கவில்லை. அதிலும், பிள்ளை அழும் சத்தம் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியவர்களுடைய சுன்னத்திலிருந்து பிரம்பை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்வது நியாயமாகாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505இல் மறைந்தார்கள். அவர்களைப் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுத்தவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உணவிலும் உடையிலும் பேச்சிலும் பிள்ளையைக் கட்டுப்பாட்டோடு வளர்க்கச் சொன்னவர்கள். அப்படிப்பட்டவர்களே இஹ்யாவில், மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், ஓதிய களைப்பு அதில்தான் தீரும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே வருத்தினால் அவன் உள்ளம் மரத்துப்போகும், அறிவு மழுங்கும், வாழ்வு கசந்து படிப்பிலிருந்தே தப்பிக்க தந்திரம் தேடுவான் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது. நம் நாட்டில், எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் ராஜ்யசபையில் பிள்ளைகளின் முதுகுச் சுமையைப் பற்றி முறையிட்டார். பேராசிரியர் யஷ்பால் குழு 1993இல் சுமையில்லாத கல்வி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையும் வாரியத் தேர்வில் தேற வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. தமிழ்நாட்டில் 2012இல் பாடநூலை மூன்று பருவமாகப் பிரித்துப் பையின் கனத்தைக் குறைத்தார்கள். பையின் கனம் குறைந்தது. வீட்டின் கனம் குறைந்ததா?

இதை நாம் சும்மா கேட்கவில்லை. பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நம் ஜமாஅத்துகள் நிறுத்தவில்லை. மூன்றாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையை மேடையேற்றிக் கைக்கடிகாரம் கொடுக்கிறோம். கீழே உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நாமும் அந்த மேடையில் துஆ ஓதியிருக்கிறோம்.

இனி, மனத்தில் உறுத்தும் எதிர்வாதத்துக்கு வருவோம். அதைத் தட்டிக் கழித்தால் இந்தக் கட்டுரை வெறும் உபதேசமாகிவிடும்.

அனந்தபுரம் போன்ற ஊரில் ஓர் ஏழை முஸ்லிம் வீட்டுக்குப் படிப்பைத் தவிர வேறு ஏணி எது? நம் சமுதாயம் கல்வியில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதைச் சச்சார் குழு 2006இல் புள்ளி விவரத்தோடு காட்டியது. 2007இல் தமிழ்நாட்டில் நமக்கு 3.5 சதவிகிதத் தனி ஒதுக்கீடு கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி இருக்கிறது. அரை மார்க்கில் இடம் போகிறது. வசதி படைத்தவன் பிள்ளை விளையாடினால் அவனுக்குச் சொத்து இருக்கிறது, என் பிள்ளை விளையாடினால் என்ன இருக்கிறது என்று அந்தத் தாய் கேட்டால் நம்மால் சிரித்துக் கடந்துவிட முடியாது. அவர் கேள்வியில் பேராசை இல்லை, பயம்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயம் எந்த வயதில் வர வேண்டும்? ஒதுக்கீட்டுக்கும் கல்லூரி இடத்துக்கும் கேட்கப்படுவது பன்னிரண்டாம் வகுப்பு மார்க். சில படிப்புக்கு நுழைவுத்தேர்வு. மூன்றாம் வகுப்பு மார்க்கைக் கேட்ட கல்லூரி எது? ஐந்தாம் வகுப்பு மாதத் தேர்வில் இரண்டு மார்க் குறைந்ததற்காக இடம் இழந்தவர் யார்? எழுதுகோல் இறங்கிய பிறகு வரும் பரீட்சைகளுக்கு, எழுதுகோல் உயர்ந்திருக்கும் வயதில் வட்டி கட்டுகிறோம். அந்த வயதில் பிள்ளை பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்க வேண்டும். அது அவனுடைய ஹக்கு, கொடுக்காவிட்டால் நாம் குற்றவாளி. அஸருக்குப் பிறகு தெருவில் ஓடுவதும் அவனுடைய ஹக்குதான்.

உஹது யுத்தத்துக்குப் பதினான்கு வயதில் தம்மை முன்னிறுத்திய இப்னு உமர் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அகழ் யுத்தத்தில் பதினைந்து வயதானபோது ஏற்றுக்கொண்டார்கள். உஹதில் ஆள் பற்றாக்குறை இல்லையா? இருந்தது. தேவை கழுத்தை நெரித்த நாளிலும், பெரியவர்களின் சுமையைப் பருவம் வராத தோளில் ஏற்றவில்லை.

பரீட்சை ஒரு பக்கம் என்றால் மறுபக்கம் காவல். இப்போது பிள்ளைகளை வெளியே விடுவதே இல்லை. வாசலில் வேன் வந்து நிற்கிறது, வாசலில் இறக்கி விடுகிறது. மரத்தில் ஏறினால் விழுவான், ஏரிக்குப் போனால் முழுகுவான், மண்ணில் விளையாடினால் சளி பிடிக்கும். அந்தப் பையன் பதினைந்து வயது வரை செஞ்சிக் கோட்டையில் ஏறியதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கெங்கிருந்தோ வந்து ராஜகிரியில் ஏறி, உச்சிக்கு முன்னே பாறைப் பிளவின் மேல் கிடக்கும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குக் குரங்கு கடிக்கும், வெயில் அடிக்கும் என்று தடை. கீழே சாதத்துல்லா கான் பள்ளிவாசலை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கிக் காட்டிவிட்டுக் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தார்களாம். இரு நூறு ஆண்டு அல்ல, முந்நூறு ஆண்டுப் பள்ளி அது. அதன் படிகளில் ஓடியாடவும் விடவில்லை.

பெற்றவர்களின் பயத்தைக் குர்ஆன் அறியாமல் இல்லை. யூசுஃப் சூராவை நினைத்துப் பாருங்கள். நாளைக்குத் தம்பியை எங்களோடு அனுப்புங்கள், உண்டு மகிழ்ந்து விளையாடட்டும் என்று அண்ணன்மார் கேட்கிறார்கள். ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்கிறார்கள் யஃகூப் நபி (அலை) அவர்கள். அவர்கள் நபி, அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆயினும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. அனுப்பினார்கள்.

அனுப்பியதால்தானே கிணற்றில் விழ நேர்ந்தது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கேடு வந்தது உண்மை. ஆனால் ஓநாயிடமிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நாம் அஞ்சும் இடம் ஒன்று, கேடு இருக்கும் இடம் வேறொன்று. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டது தெருவிலா, ஏரியிலா? பாதுகாப்பான இடம் என்று நம்பி அனுப்பிய பள்ளிக்கூடத்தில், கீற்றுக் கூரையின் கீழ். இன்று தெருவுக்கு அஞ்சிப் பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்ளும் நாம், அழாமல் இருக்கக் கையில் செல்போனைக் கொடுக்கிறோம். கதவைச் சாத்திவிட்டு ஓநாயை மடியில் உட்கார வைப்பது இதுவல்லவா?

அதற்காகக் காவலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாலையில் லாரி ஓடுகிறது; கோடை விடுமுறையில் ஏரியிலும் கிணற்றிலும் பிள்ளைகள் மாண்ட செய்தி வராத ஆண்டில்லை; பிள்ளைகளைச் சீரழிக்கும் பாவிகளும் இருக்கிறார்கள். காவலுக்கு அளவு என்ன என்பதுதான் கேள்வி. இதற்கும் ஹதீஸில் வழி இருக்கிறது. இருட்டத் தொடங்கும் வேளையில் பிள்ளைகளை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள், ஷைத்தான்கள் பரவும் நேரம் அது என்று எச்சரித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் எல்லாரும் இந்த அளவுக்கு அறிவார்கள். மஃரிபு நேரத்தில் பிள்ளை வாசலில் நின்றால் இழுத்து உள்ளே விடுவார்கள். அந்தச் செய்தியின் மறுபாதியைத்தான் மறந்துவிட்டோம். இரவில் சிறிது நேரம் கழிந்தபின் அவர்களை விட்டுவிடுங்கள் என்று அதே ஹதீஸில் வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் பார்க்கலாம். பிடித்துக்கொள்வதற்கு ஒரு நேரம் சொன்னவர்கள், விடுவதற்கும் ஒரு நேரம் சொன்னார்கள். நாம் பிடித்த பிடியை விடுவதே இல்லை.

பெண் பிள்ளைகளின் நிலையைச் சொல்லாமல் போனால் பாவம் சேரும். ஏழு வயதிலேயே, பெரிய பிள்ளையாகிவிட்டாய், வெளியே போகாதே என்று உட்கார வைக்கிறோம். பையனுக்காவது ஜும்ஆவுக்குப் போகிற வழியில் நாலு பேரைப் பார்க்க முடியும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்தின் இல்லத்திலேயே பொம்மை வைத்துத் தோழியரோடு விளையாடியதும், வெட்கப்பட்டு ஒளிந்துகொண்ட தோழியரை நாயகம் (ஸல்) அவர்களே தேடி அனுப்பி வைத்ததும் ஸஹீஹான செய்திகள். நொண்டி விளையாடக் கட்டம் போடும் பெண் பிள்ளையை அதட்டும்போது இது ஏன் நம் நினைவுக்கு வருவதில்லை?

நம் தரப்புக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. மதரஸாவில் பிள்ளைகள் சூரா ஒப்புவிப்பதற்கு நாமும் பரீட்சை வைத்தோம். தவறவிட்டவனை எழுப்பி நிற்க வைத்தோம். ஓத வரும்போது வாசலில் இரண்டு நிமிடம் கோலி விளையாடினால் பிரம்பைத் தட்டினோம். பிள்ளைகள் குர்ஆனை நேசிக்க வேண்டும் என்பது நம் ஆசை. அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு நம்மைப் பார்க்க வந்தான். மதரஸாவை நினைத்தால் உனக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, “வயிறு கலக்கும், ஹஜ்ரத்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அன்றிலிருந்து ஒப்புவிக்கும் நாளில் யாரையும் நிற்க வைப்பதில்லை. அதனால் ஓதல் குறைந்துவிட்டதா என்றால், குறையவில்லை. சிலர் மெதுவாக வருகிறார்கள், அவ்வளவே.

அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. சென்ற ஷஅபானில் அதே தாயார் அதே வாசலில் நின்று கேட்டார், அண்ணனைச் சேர்த்த டியூஷனில் இவனையும் சேர்க்கலாமா என்று. வேண்டாம் என்றோம். முன்பு சொன்னது தவறு, பிழை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

இப்போது அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் சின்னவன் பள்ளிவாசல் தெருவில் நிற்கிறான். பம்பரத்தை அலமாரியிலிருந்து பெரியவன்தான் இறக்கிக் கொடுத்தானாம். கயிறு மட்டும் புதிது. தாயார் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்க்கிறார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கூப்பிடுகிறார். அவன் முழங்கால் வரை புழுதியோடு ஹவுளுக்கு வந்து, ஒளுச் செய்கிறேன் என்று தண்ணீரை நாலாபக்கமும் இறைக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சட்டை நனைந்து முணுமுணுக்கிறார்கள்.